சிவப்பு விளக்கும் மோட்டார் சைக்கிளும்

சாலைச் சந்தியில் காவலர் நின்று கைகாட்டிய காலம் மாறி, இன்று விளக்குகளே வண்டிகளை நிறுத்தி அனுப்புகின்றன. அவற்றுட் பல, வண்டி வந்து நிற்பதை உணர்ந்த பின்னரே பச்சை காட்டுவன. காருக்கு உடனே வழிவிடும் அத்தகைய விளக்கு, மோட்டார் சைக்கிளில் வந்தவரைச் சில வேளைகளில் நெடுநேரம் காக்க வைத்துவிடுகிறது. இதற்குக் காரணம் யாது?

வண்டியின் பாரத்தைக் கொண்டே விளக்கு மாறுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பாரத்தால் அழுந்தும் தகடுகள் முற்காலத்தில் வழங்கியது உண்மையே. 1928இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சார்ல்ஸ் ஆட்லர் அமைத்த விளக்கோ, வண்டியின் ஹாரன் ஒலியைக் கேட்டு மாறியது. 1960களிலிருந்து பரவிய முறை இவ்விரண்டினும் வேறானது.

தார்ச் சாலையை மெல்லிய கோடாக அறுத்து, அதனுள் கம்பியைச் சில சுற்றுகள் வளையமாகப் பதித்து மூடிவிடுகின்றனர். நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் அதில் ஓடுவதால், கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. உலோகப் பொருள் அப்புலத்துள் வந்தால், 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதிப்படி, அப்பொருளிலும் மின்சாரம் சுழல்கிறது. இதனால் வளையத்தின் மின் இயல்பில் சிறு மாறுதல் ஏற்படுகிறது. சாலையோரப் பெட்டியிலுள்ள கருவி அதனைக் கொண்டே வண்டி வந்ததை அறிகிறது.

காரின் அடிப்பாகம் அகன்றது. வளையத்தை மூடிபோல் மறைத்து நிற்கும். மோட்டார் சைக்கிளோ ஒடுங்கி நிமிர்ந்து நிற்பது. வளையத்தின் நடுவில் காந்தப் புலம் மேல்நோக்கிச் செல்வதால், நிமிர்ந்த சக்கரத்தை ஊடுருவுவது சொற்பம். கம்பிக்கு நேர்மேலே அப்புலம் பக்கவாட்டில் வளைந்து சக்கரத்தைக் குறுக்கே ஊடுருவும். ஆகவே, சாலையில் தெரியும் அறுத்த கோட்டின்மீது, இரு சக்கரமும் நீளவாக்கில் பொருந்த நிற்பதே நலம். எட்டு என்னும் எண்போல் இரட்டையாகப் பதித்த வளையமாயின், நடுக்கோடே வலிமை மிக்கது.

வண்டியின் அடியில் காந்தக்கல் ஒட்டினால் விளக்கு மாறும் என்பாரும் உளர். அது வீண்செலவு. கருவி தேடுவது காந்தத்தை அன்று. மின்சாரம் சுழலத்தக்க உலோகத்தையே. அலுமினியச் சக்கரமுள்ள சாதாரண சைக்கிளும் சரியான இடத்தில் நின்றால் உணரப்படும்.

எனினும், இப்பொறுப்பு முழுவதையும் ஓட்டுநர்மீது சுமத்தலாகாது. கருவியின் கூருணர்வை உயர்த்தினால் மோட்டார் சைக்கிளும் புலப்படும். அளவு மீறி உயர்த்தினாலோ, பக்கத்துத் தடத்துக் காரும் கணக்கில் சேர்ந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையே சரியான நிலையைக் காண்பது பொறியாளர் கடமை. புதிதாக அமைக்கும் அல்லது மாற்றியமைக்கும் கருவிகள், இயன்றவரை மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் உணர வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2007இல் சட்டமே இயற்றியது.

நெடுநேரம் காத்து நின்றவர் பொறுமையிழந்து சிவப்பு விளக்கைக் கடக்க முற்படுவது உயிருக்கே இடர். ஆதலின், மாறாத விளக்கைக் கண்டவர் சந்தியின் பெயரையும் நேரத்தையும் குறித்துச் சாலை அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் வேண்டும். சாலை காருக்கு மட்டும் உரியதன்று. அங்குள்ள கருவியும் அனைவரையும் உணர்தல் வேண்டும்.