பெருந்திரையும் பார்வைக் கோணமும்

சூப்பர் ஹீரோ எனப்படும் அதிமானுட வீரர்களின் கதைகளைக் கூறும் ஆங்கிலப் படங்களுள் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ அளவுக்கு ஆவலுடன் எதிர்நோக்கப்பட்டவை மிகச் சிலவே. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் இந்தியாவில் வெளியான இதன் முந்தைய பாகம், கதையைப் பாதியில் நிறுத்தி, வீரர்களில் பாதிப் பேரை மறையச் செய்துவிட்டு முடிந்தது. அதன் மறுபாதியைக் காண மக்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் காத்திருந்தனர். 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமையன்று ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் அது நம் நாட்டில் திரையிடப்பட்டது. சில நகரங்களில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும்கூடக் காட்சிகள் நடைபெற்றன.

இத்தகைய படம் வரும்போது, ‘பார்ப்பதா, வேண்டாமா’ என்று யாரும் கேட்பதில்லை. எந்த வடிவில், எந்த அரங்கில், எந்த வரிசையில் அமர்ந்து பார்ப்பது என்பதே கேள்வி. சாதாரணப் படம், முப்பரிமாணப் படம், ஐமாக்ஸ், அசையும் நாற்காலிகளைக் கொண்ட அரங்கு என ஒரே படத்துக்குப் பல கட்டணங்கள் விதிக்கப்படுகின்றன. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு விளம்பரத்தில் உள்ளதா, ஒளியியலில் உள்ளதா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இக்கேள்வி யாருக்கு மிகவும் நெருக்கடியானது என்பதை அறியச் சாகண் நல்ல உதாரணமாகும். புணே நகருக்கு வடக்கே, நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். முன்னர் இது வெங்காயச் சந்தைக்குப் பெயர் பெற்றிருந்தது. அதற்கும் முன்னர், 1660-ஆம் ஆண்டில், ஃபிரங்கோஜி நர்சாளா என்னும் மராட்டியத் தளபதி ஒரு சிறு படையைக் கொண்டு, மொகலாயத் தளபதி ஷாயிஸ்தகானின் பெருஞ்சேனையை ஏறத்தாழ இரண்டு மாதம் தடுத்து நிறுத்திய கோட்டை இங்கேதான் இருக்கிறது. (அதிமானுட ஆற்றல் ஏதும் இன்றியே அவர் இதைச் செய்தார்.) இன்று சாகண் மோட்டார் வாகனத் தொழிலின் பெரும் மையம். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இங்குள்ள ஆலைகளில் முறைவேலை பார்க்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு.

புணே வட்டாரத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் வார விடுமுறை ஞாயிறன்று; வியாழனன்று. இதற்குக் காரணம், மின்சாரச் சுமையைப் பல நாள்களுக்குப் பகிர்ந்தளிப்பதற்காக முன்பு செய்யப்பட்ட ஏற்பாடாகும். படங்களோ வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. ஆகவே வியாழனை விடுமுறையாகக் கொண்ட ஒருவர், முதல் ஆறு நாள்களும் வேலைக்குச் சென்று வந்து, ஏழாம் நாளில்தான் ஓய்வாகப் படம் பார்க்க முடியும். 2019-இல் இடையில் வேறு இரு வாய்ப்புகளும் அமைந்தன: சாகணை உள்ளடக்கிய சிரூர் மக்களவைத் தொகுதியில் ஏப்ரல் 29 அன்று வாக்குப்பதிவு, மே முதல் நாள் மகாராஷ்டிர தினம். அத்துடன், பெரிய அரங்குகளுக்காகப் பிம்பிரி-சிஞ்சுவட்டுக்கோ புணேக்கோ செல்ல வேண்டுமானால், நெரிசல் மிக்க சாலையில் போக்குவரவுக்கே அரை நாள் போய்விடும். படத்தின் நீளம் 181 நிமிடம். மனைவி, மக்களுடன் செல்பவருக்கு அது ஒரு முழு விடுமுறை நாளும், மாதச் செலவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பகுதியும் ஆகும். தேர்வு தவறினால் மறுமுறை பார்ப்பது எளிதன்று.

படம் வெளியாகும் நாளுக்கு முன்பே அரங்குக்கு வந்து சேர்ந்துவிடுகிறது என்பதைப் பலர் அறியார். தகரப் பெட்டிகளில் படச்சுருள்கள் ரயிலேறி வந்த காலம் போய்விட்டது. இப்போது படம் எண்வடிவத் தகவலாக, வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ வருகிறது. ஆனால் அது பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவியும் ஓர் எண்கோவையே. தனியே அனுப்பப்படும் அச்சாவி, குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும், குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட நேரத்திலிருந்து மற்றொரு நேரம்வரை மட்டுமே வேலை செய்யும். நேரம் வருமுன் அரங்கின் உரிமையாளரே விரும்பினாலும் படத்தைப் பார்க்க இயலாது.

இனி அரங்கினுள் செல்வோம். திரை பெரிதா, சிறிதா என்பதை மீட்டரில் கூறுவதால் பயனில்லை. கண்ணுக்குத் தெரிவது அகலமன்று, கோணம். அறையின் எதிர்ப்புறத்தில் உள்ள சன்னல் ஒன்றை, கைக்கருகே பிடித்த ஒரு தபாலட்டை முழுதும் மறைத்துவிடுவதைப் போன்றதே இது. 12 மீட்டர் அகலமுள்ள ஒரு திரையை 16½ மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், அது கண்ணில் 40 பாகைக் கோணத்தை அடைத்துக்கொள்ளும். 22½ மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் 30 பாகைதான். 30 பாகைக்குக் குறைந்தால் படம் ஒரு சட்டத்துக்குள் மாட்டிய சித்திரமாகத் தோன்றத் தொடங்கும். 40 பாகையை அடுத்து, பார்ப்பவர் காட்சிக்குள் இருப்பதுபோன்ற உணர்ச்சி எழும். 60 பாகையைத் தாண்டினால் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்; மூன்று மணி நேரப் படத்துக்கு அது உகந்ததன்று.

இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கையை முன்னால் முழுதும் நீட்டி, கட்டைவிரல் நுனிமுதல் சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண் விரித்தால், அது ஏறத்தாழ 20 பாகையாகும். உயரமானவருக்குக் கையும் நீளம், சாணும் பெரிது. ஆதலால் கோணம் அதிகம் மாறுவதில்லை. இருக்கையில் அமர்ந்து திரையை அளந்து பார்த்து, அது இரண்டு சாண் இருக்குமாயின் நல்ல இடம் என்று கொள்ளலாம். ஒன்றரைச் சாணுக்குக் குறையுமாயின், பெரிய அரங்கின் பெயருக்காகக் கொடுத்த கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதி வீணாயிற்று என்றே பொருள்.

கைப்பேசியையும் இவ்வாறே அளந்து பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள அதன் திரையைக் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் சுமார் 21 பாகை. 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். கூடத்தில் இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்து பார்த்தால் அதுவும் அதே 21 பாகைதான். விலையில் இவ்வளவு வேறுபட்ட இரு கருவிகளும் கண்ணுக்கு ஒரே சாண் அளவினவே என்பது வியப்பாயிருக்கலாம். தொலைக்காட்சியின் மேன்மை வேறு இடத்தில் உள்ளது: அருகிலுள்ள பொருளின்மீது கண் தன்னை இடைவிடாது குவிக்க வேண்டிய சிரமம் அதில் குறைவு, பலர் சேர்ந்து பார்க்கவும் முடியும்.

ஐமாக்ஸ் என்பது கனடா நாட்டில் தோன்றிய முறை. 1970-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அது முதன்முதலாக மக்களுக்குக் காட்டப்பட்டது. 70 மில்லிமீட்டர் படச்சுருளைக் குறுக்குவாட்டில் ஓட்டி, ஒவ்வொரு படத்துக்கும் 15 துளைகளின் நீளத்தை ஒதுக்கியதால் படம் மிகப் பெரியதாகவும் துல்லியமாகவும் அமைந்தது. 2008-இல் வெளியான ‘தி டார்க் நைட்’ என்னும் பேட்மேன் படத்தின் சில பகுதிகள் அத்தகைய காமிராவினால் எடுக்கப்பட்டன. இன்று பெரும்பாலான ஐமாக்ஸ் அரங்குகளில் சுருள் இல்லை. எண்வடிவக் கருவிகளே உள்ளன. ஆயினும் ‘எண்ட்கேம்’ படத்துக்கு ஐமாக்ஸ் அரங்கில் கிடைத்த இலாபம் ஒன்று உண்மையானது. படம் முழுவதும் ஐமாக்ஸுக்கான எண்வடிவக் காமிராக்களால் எடுக்கப்பட்டது; மற்ற அரங்குகளில் அதன் அகலம் உயரத்தைப் போல் 2.39 மடங்கு, ஐமாக்ஸிலோ 1.90 மடங்கு. கணக்கிட்டால், 12 மீட்டர் அகலத் திரையில் முன்னதன் உயரம் 5 மீட்டர், பின்னதன் உயரம் 6.3 மீட்டர். அதாவது மேலும் கீழுமாகக் கால்பங்குக்குச் சற்று அதிகமான காட்சி கூடுதலாகத் தெரிந்தது. இவ்வாறு எடுக்கப்படாத படத்தில் இவ்விலாபம் இராது. ஆகவே டிக்கெட் வாங்குமுன், படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று விசாரித்துக்கொள்வது நலம்.

முப்பரிமாணத்தின் கதை வேறு. நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி உள்ளது. அதனால் ஒவ்வொரு கண்ணும் காணும் காட்சி சிறிது வேறுபடுகிறது. மூளை அவ்விரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. அரங்கில் இதைப் போலியாக உண்டாக்க, இடக்கண்ணுக்குரிய படமும் வலக்கண்ணுக்குரிய படமும் கண் கண்டுகொள்ள முடியாத வேகத்தில் மாறி மாறித் திரையில் வீழ்த்தப்படுகின்றன. இரண்டின் ஒளியலைகளும் வெவ்வேறு போக்கில் அதிரும்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தனக்குரிய படத்தை மட்டும் உள்ளே விடும். நம் நாட்டின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984-இல் மலையாளத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே தமிழில் ‘அன்னை பூமி’ வந்தது.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. ஒரே கருவி இரு கண்களுக்கும் மாறி மாறிப் படம் காட்டுவதால் ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி நேரமே ஒளி கிடைக்கிறது. முனைவாக்கத்தில் அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எஞ்சிய கால்பங்கிலும் கண்ணாடி சிறிது விழுங்கிவிடும். இதை ஈடுசெய்யத் திரைக்கு வெள்ளிப் பூச்சுப் பூசுகிறார்கள். சாதாரணப் படத்துக்கு வகுக்கப்பட்டுள்ள ஒளியளவு ஒரு சதுர மீட்டருக்கு 48 காண்டெலா. முப்பரிமாணக் காட்சியில் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்தாலே போதுமானதாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. லேசர் ஒளியைப் பயன்படுத்தும் அரங்குகளில் நிலைமை இதைவிட நன்று. வெள்ளிப் பூச்சுக்கும் ஒரு குறை உண்டு: அது ஒளியை நேரெதிரே அதிகமாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் திருப்பி அனுப்பும். ஆகவே அத்தகைய அரங்கில் ஓரத்து இருக்கையில் அமர்பவருக்குப் படம் மேலும் மங்கும். கண்ணாடி அணியாமல் சாதாரணப் படம் பார்க்கும்போதுங்கூட இக்குறை தொடரும்.

‘எண்ட்கேம்’ படத்தின் இறுதிப் போர், புழுதி மூடிய மங்கிய வானத்தின் கீழ் நடைபெறுகிறது. அத்துடன், ‘அவதார்’ படத்தைப் போல இரட்டை லென்சினால் எடுக்கப்படாமல், ஒற்றை லென்சினால் எடுக்கப்பட்டுப் பின்னர் கணிப்பொறியால் முப்பரிமாணமாக மாற்றப்பட்டது அது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, அப்படத்தை நல்லதோர் அரங்கின் நடுவரிசையில், கண்ணாடியின்றிப் பார்த்தவரே அதிகம் கண்டிருப்பார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நாற்காலி குலுங்குவதையும், முகத்தில் நீர் தெளிப்பதையும் விரும்புவோர் விரும்பலாம். அவை பார்வைக்கு எதையும் சேர்ப்பதில்லை.

மொழியும் ஒரு தேர்வே. தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேன் பாத்திரத்துக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். குரல் பொருந்தவில்லை என்று ரசிகர் பலர் குறைபட்டனர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் இக்குறையைச் சற்றுப் பரிவுடனேயே நோக்குவர். ஆங்கிலத்தில் வினை முன்னே வரும். தமிழில் இறுதியில் வரும். எந்தச் சொல்லைக் கேட்டு எதிரிலிருப்பவர் திடுக்கிடுகிறாரோ, அச்சொல் அவர் முகம் திரையில் தோன்றுமுன் காதில் விழ வேண்டும். உதட்டசைவுக்கும் ஒத்துப்போக வேண்டும். சாகணில் உள்ள தமிழருக்கு இவ்வடிவம் எளிதில் எட்டுவதில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையேதான் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளைத் திரையின் அடியில் படித்துப் புரிந்துகொள்பவர், மிக முன்னால் அமர்தல் கூடாது. கண் கூர்மையாகக் காண்பது, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலமான இரண்டு பாகை அளவே. திரை பெரிதாக ஆக ஆக, எழுத்துக்கும் நடிகரின் முகத்துக்கும் இடையே கண் ஓடவேண்டிய தொலைவும் பெருகும்.

இறுதியாக நாளைப் பற்றி. கதையின் முடிவை யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சமே பலரை முதல் நாளிலேயே, கிடைத்த முன்வரிசை மூலையில் உட்கார வைக்கிறது. 2019-இல் அப்படத்தின் இயக்குநர்களான ரூசோ சகோதரர்களே, முடிவை வெளியிட வேண்டாம் என்று ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். 2011-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து உளவியலறிஞர் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டு ஆகிய இருவரும் சிறுகதைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள், அறியாமல் படித்தவர்களைவிடக் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்ததாக அதில் தெரியவந்தது. பின்னர் வேறு சிலர் நடத்திய ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவுகளும் கிடைத்துள்ளன; எனவே இது தீர்ந்த விஷயமன்று. ஆயினும் ஓரத்து இருக்கையின் மங்கலான படத்தைப் பற்றி அத்தகைய ஐயம் எதுவும் இல்லை. வார நாள்களில் கட்டணம் பெரும்பாலும் குறைவு, கூட்டமும் குறைவு. வியாழனன்று பிற்பகல் காட்சிக்குச் செல்லும் சாகண் தொழிலாளி, திரைக்கு நேரெதிரே, இரண்டு சாண் கோணம் கிடைக்கும் வரிசையைத் தானே பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம்.