ஸ்டெதாஸ்கோப்பில் தொடங்கும் சவாரி

நூறு மைல் ஓடி எல்லைக்கோட்டை முதலில் தொட்ட குதிரை, கால்நடை மருத்துவர் முன்னால் நொண்டினால் அதற்கு இடமே கிடையாது. முதலிடம், பின்னால் வந்து நலமாக நிற்கும் குதிரைக்குப் போய்விடும். நெடுந்தூரக் குதிரைச் சவாரியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான்.

வேலைக்காகக் கலிபோர்னியா வந்து சாக்ரமெண்டோவில் குடியிருக்கிறேன். காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஆபர்ன் என்ற சிற்றூர். 1955இல் அந்த ஊர்க்காரர் வெண்டெல் ரோபி, தாஹோ ஏரிப் பக்கமிருந்து சியரா நெவாடா மலைகளைத் தாண்டி ஆபர்ன் வரை, நூறு மைலை ஒரே நாளில் குதிரையில் கடக்க முடியும் என்று நண்பர்கள் சிலரோடு நடத்திக் காட்டினார். நூறு மைல் என்பது ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அன்று தொடங்கியதுதான் டெவிஸ் கோப்பை. 24 மணி நேரத்துக்குள், குதிரை நலமாக, வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் வெள்ளி பெல்ட் பக்கிள் உண்டு. புறப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் அதை வாங்குகிறார்கள். 1974இல் கோர்டி எயின்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல், குதிரைகளோடு சேர்ந்து இதே தடத்தில் ஓடி 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தார். மனிதர்கள் இதே தடத்தில் ஓடும் நூறு மைல் பந்தயம் பிறந்தது அந்த ஓட்டத்திலிருந்துதான்.

நான் இதற்குள் வந்தது சேணத்தின் வழியாக அல்ல. சிறுவயதில் குதிரை பழகியவளும் இல்லை. உள்ளூர்ப் பந்தயம் ஒன்றில் நாடி எண்ண ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை வரை துடிக்கும். வழிநெடுக உள்ள சோதனை நிலையங்களில், வந்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் 60 அல்லது 64க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் சவாரி அத்தோடு முடிந்தது. இறங்கிய நிமிடத்திலிருந்துதான் கட்டாய ஓய்வு நேரம் எண்ணப்படும். அதனால் வேகமாக வந்து மூச்சிரைக்க நிற்பவருக்கு லாபம் ஒன்றுமில்லை.

அடுத்து மருத்துவர். ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்ப்பார். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார், அது உடனே படிய வேண்டும். விலாவுக்குப் பின்னால் காது கொடுத்துக் கேட்பார். குடல் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தால் நல்லது, அமைதியாகிவிட்டால் ஆபத்து. கடைசியில் நாம் கயிற்றைப் பிடித்துக் கூடவே ஓட, குதிரை நேர்க்கோட்டில் மெல்லோட்டமாகப் போய்த் திரும்ப வேண்டும். நொண்டல் ஒளிய முடியாத இடம் அது.

குதிரையின் வியர்வையைப் பற்றி அங்கேதான் கற்றேன். நம் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது, குதிரையுடையது அப்படியல்ல. நீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடல் வறண்ட பிறகும் அதற்குத் தாகம் தெரியாமல் போகலாம். தொட்டியில் தண்ணீர் இருக்கும், குதிரை குடிக்காமல் நிற்கும். அதற்காகத்தான் உப்புக் கலவையை ஆப்பிள் கூழில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் செலுத்துகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் குதிரை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

உடனே வாங்கவும் தேவையில்லை. அனுபவசாலிகள் பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் இருக்கின்றன, பயிற்சி ஓட்டத்துக்குக் கூட வர ஆள் தேடுகிறார்கள். நானும் அப்படி ஒரு மூத்த பெண்மணியின் அரபிக் குதிரையில்தான் பழகினேன். அவர் மாதக்கணக்கில் நடையும் மெல்லோட்டமும் தவிர வேறெதற்கும் விடவில்லை. குதிரையின் இதயமும் தசையும் சில மாதங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட ஆண்டுகள் ஆகும். தெம்பாக இருக்கிறதே என்று விரட்டினால் கால் போய்விடும். அமெரிக்க நெடுந்தூரச் சவாரிச் சங்கம் ஐந்து வயது நிறையாத குதிரையை 50 மைல் பந்தயத்துக்கு அனுமதிப்பதில்லை.

வேகத்தை மட்டும் வழிபட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்தது. வளைகுடா நாடுகளின் தட்டையான மணல் தடங்களில் குதிரைகள் கால் முறிந்து இறந்தன. 2015இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பைச் சில மாதங்கள் இடைநீக்கம் செய்தது. அது சரியான முடிவு. தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம்.

புதிதாக வருகிறவர்கள் 25 மைலில் தொடங்குங்கள். அதற்கு ஆறு மணி நேரம் தருகிறார்கள். கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் முடிவதில்லை, நாடி 60க்கு இறங்கும்போதுதான் முடிகிறது. ஆகவே கடைசி மைலில் சேணத்தைவிட்டு இறங்கி, குதிரையோடு நடந்து வாருங்கள். விதி அதை அனுமதிக்கிறது.