மூளையின் முணுமுணுப்பைக் கேட்கும் கருவி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருவாள். செபங்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டே வருகையில், வாக்கியத்தின் நடுவில் திடீரென நின்றுவிடுவாள். பார்வை ஓரிடத்தில் வெறித்து நிற்கும். இமைகள் இலேசாகத் துடிக்கும். எட்டுப் பத்து விநாடிகள் சென்றபின், ஒன்றும் நடவாததுபோல் மறுபடியும் சொல்லத் தொடங்குவாள். "கவனம் எங்கே போயிற்று?" என்று நானே இருமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் வகுப்பு முடியும்வரை அவளை நிற்கவும் வைத்தேன். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

அவளுடைய பள்ளி ஆசிரியை ஒருவரே இதைக் கூர்ந்து கவனித்து, மருத்துவரிடம் காட்டுமாறு தாயிடம் சொன்னார். மருத்துவர் 'இ.இ.ஜி.' எடுத்துவரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அந்தத் தாய் பங்குப் பணியகத்தின் வாசலில் வந்து நின்று அழுதார்.

"சாமி, பிள்ளை தலைக்குக் கரண்டு வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாங்க. பைத்தியத்துக்குத்தானே அதை வைப்பாங்க? மனசுல உள்ளதெல்லாம் அந்த மிஷின்ல தெரிஞ்சிருமாமே? வெளியில தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவா?"

ஒரே மூச்சில் எத்தனை அச்சங்கள்! அன்று அவருக்குத் தெளிவாக விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் நூல்களைப் படித்தும், மருத்துவத் துறையிலுள்ள அன்பர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே வாசக அன்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தக் 'கரண்டு' விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம். மனநோய் மருத்துவத்தில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை என்று ஒன்று உண்டு, அது வேறு. இ.இ.ஜி. என்பது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை. இக்கருவி தலைக்குள் எந்த மின்சாரத்தையும் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து தானாகவே எழும் மின்னசைவைத் தலையின் தோல்மீது நின்று கேட்கின்றது, அவ்வளவே. மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பதால் இதயத்துக்குள் ஏதேனும் புகுந்துவிடுகின்றதா? அதுபோன்றதுதான் இதுவும்.

மூளைக்குள் மின்சாரம் எங்கிருந்து வந்தது? மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்பும்போது, மின்னூட்டம் பெற்ற சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புத் துகள்கள் அணுவின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் செல்கின்றன. அதனால் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகின்றது. தனியோர் அணுவின் ஓசை மண்டையோட்டைத் தாண்டி வெளியே கேட்பதில்லை. மூளையின் மேற்பரப்பில் வரிசையாக ஒரே திசை நோக்கி நிற்கும் கூம்பு வடிவ அணுக்கள், இலட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் அசைந்தால்தான் வெளியே தெரியும்.

திருவிழா மாலையில் கோவிலுக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்பவரை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒவ்வொருவரும் தமக்குள் முணுமுணுக்கும் வேண்டுதல் அவருக்குக் கேளாது. ஆனால் மன்றாட்டு மாலைக்கு மக்கள் அனைவரும் ஒரே குரலில் பதிலுரைக்கையில் அது சுவரைக் கடந்து வந்து கேட்கும். யார் என்ன வரம் கேட்டார் என்று அவரால் சொல்ல இயலாது. கூட்டம் ஓய்ந்திருக்கின்றதா, ஒருமித்துச் செபிக்கின்றதா, கலவரப்பட்டுக் கூச்சலிடுகின்றதா என்பதை மட்டும் சொல்ல முடியும். மனத்தில் உள்ளதெல்லாம் தெரிந்துவிடுமோ என்ற தாயின் கேள்விக்கும் இதுவே விடை.

அந்த ஓசை எவ்வளவு மெல்லியது தெரியுமா? தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குதான். கைவிளக்கில் போடும் சாதாரண பாட்டரி செல் ஒன்றின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். அதை முப்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு. ஆகவே பதிவு செய்பவர் தலைமுடியை விலக்கி, தோலைத் துடைத்து, மின்சாரத்தைக் கடத்தும் பசையைத் தடவி, சிறு கிண்ணம் போன்ற உலோக முனைகளைப் பொருத்துகின்றார். இவற்றை எங்கெங்கே வைப்பது என்பதற்கு 1958-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஒரே அளவுமுறை வழக்கில் உள்ளது. மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரையிலும், ஒரு காதிலிருந்து மறு காது வரையிலும் அளந்து, அந்நீளத்தில் பத்து, இருபது விழுக்காடு தொலைவுகளில் புள்ளியிடுவார்கள். இரு காதுகளையும் சேர்த்து வழக்கமாக 21 முனைகள். ஒவ்வொரு வரியும் இரண்டு முனைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையே காட்டுகின்றது. இரண்டிலும் பொதுவாக வந்து சேரும் இரைச்சலைக் கருவி கழித்துவிட்டு, எஞ்சியதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி வரைகின்றது. அப்படியும் பிள்ளை கண்ணைச் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், வியர்த்தால் கோடுகள் குழம்பும். அறையிலுள்ள மின்கம்பிகளின் 50 சுழற்சி அதிர்வுகூட உள்ளே நுழைந்துவிடும். எனவே பதிவு செய்பவரின் பொறுமையே பாதிச் சோதனை எனலாம்.

கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருக்கும் ஒருவருடைய பிடரிப் பகுதியில், விநாடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து தாழும் அழகிய அலை தோன்றும். இதற்கு ஆல்ஃபா அலை என்று பெயர். கண்ணைத் திறந்ததும் அது அடங்கிவிடும். கவனம் கூடும்போது அலை பெரிதாகுமென்றுதானே நினைப்போம்? மாறாக, சிறிதாகின்றது. அணுக்கள் தத்தம் வேலையில் தனித்தனியே ஈடுபட்டுவிடுவதால் ஒருமித்த குரல் கலைந்துவிடுகின்றது. இதனினும் வேகமானது பீட்டா. மெதுவானவை தீட்டா, டெல்ட்டா. ஆழ்ந்த உறக்கத்தில் விநாடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய அலைகள் உருளும். 1953-இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தின் நடுவே கண்கள் விரைந்து அசைவதையும், அவ்வேளையில் மூளை விழித்திருப்பதைப் போன்ற அலைகளைக் காட்டுவதையும், கனவுகள் பெரிதும் அப்போதே வருவதையும் வெளியிட்டனர்.

இந்த அலைகளை மனிதரிடம் முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மனநோய் மருத்துவர். அவருடைய கதை விந்தையானது. 1873-இல் பிறந்த அவர், இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்றே தந்தையிடமிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்தது. தொலைவில் இருந்த தமக்கைக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனத்தில் பட்டதாம்! ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்துக்கு ஏதோ ஓர் ஆற்றல் பாய்கின்றது என்று நம்பிய பெர்கர், அதைத் தேடியே மூளை ஆராய்ச்சியில் இறங்கினார். ரிச்சர்ட் கேட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1875-இலேயே முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளையில் மின்னசைவைக் கண்டிருந்தார். யேனா நகர மருத்துவமனையில் பெர்கர் பல்லாண்டு தனியாக முயன்று, 1924-இல் மனித மூளையின் அலையைப் பிடித்தார். ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்து, 1929-இல்தான் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் நொபெல் பரிசாளர் ஏட்ரியனும் மேத்யூசும் அதை உறுதிப்படுத்திய பிறகே உலகம் ஏற்றது. அவர் தேடிய உள்ளத்தின் ஆற்றலோ அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அடுத்த ஆண்டு, 1935-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், நம் சிறுமிக்கு வந்தது போன்ற 'வெறித்த பார்வை' வலிப்பின் கையெழுத்தைக் கண்டார்கள். விநாடிக்கு மூன்று முறை, ஒரு கூர்முனையும் அதைத் தொடர்ந்து ஒரு மெத்தென்ற அலையுமாக, தலை முழுவதும் ஒரே நேரத்தில் எழும் ஓட்டம். மன்றாட்டு மாலை சொல்லும் கூட்டம் முழுவதும் கட்டுண்டதுபோல் ஒரே சொல்லை விநாடிக்கு மும்முறை கத்தினால் அங்கே வேறு பேச்சு எப்படி நடக்கும்? அந்தச் சில விநாடிகள் பிள்ளைக்குக் காதும் கண்ணும் திறந்திருந்தும் எதுவும் பதிவதில்லை. இது கவனக்குறைவன்று, பேயுமன்று, பிடிவாதமும் அன்று.

வலிப்பு நோயை மக்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பது வருந்தத்தக்க வரலாறு. 1933-இல் ஜெர்மனியின் நாஜி அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்திய நீதிமன்றத்தில் பெர்கரும் அமர்ந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து காட்டியுள்ளனர். நோயாளிக்குக் கண்ணைத் தந்த கையே இப்படிச் செய்ததா என்று மனம் பதறுகின்றது. அவர் 1941-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இத்தகைய சட்டங்களைத் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1930-ஆம் ஆண்டின் திருமணம் பற்றிய சுற்றுமடலிலேயே கண்டித்திருந்தார். எனினும் நாம் மட்டும் கறையற்றவர்கள் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருத்துவம் பெறத் தகுதியற்றோரைக் கூறுமிடத்தில், வலிப்பு நோயாளியையும் பேய் பிடித்தவரையும் ஒரே வரியில் நிறுத்தியது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் வலிப்பு என்ற சொல்லே அங்கு இல்லை. குருமடத்தில் இதைப் பாடமாகக் கேட்டபோது வெறும் சட்டத் திருத்தமென்றே குறித்துக்கொண்டேன். ஒரு குழந்தையை நிற்க வைத்த பிறகே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

திருமணத்தைப் பற்றிய தாயின் கவலைக்கும் விடையுண்டு. நம் திருச்சபைச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத் தடையன்று. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த அந்தச் சொல்லை, 1999-இல் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. மறைத்து நடத்தும் மணமே பிற்காலத்தில் பூசலாகின்றது. மருந்தால் கட்டுப்பட்ட நோயன்று.

இக்கருவிக்கு எல்லைகளும் உண்டு. வலிப்பு உள்ளவருக்கும் முதல் பதிவில் ஒன்றும் தென்படாமல் போவது மிகவும் சாதாரணம். நோயில்லாத மிகச் சிலருக்குக் கூர்முனைகள் தென்படுவதும் உண்டு. ஆகையால் தாளை மட்டும் பார்த்து முடிவு சொல்லலாகாது. பிள்ளைக்கு வந்தது எப்படி இருந்தது என்று கண்டவர் சொல்லும் விவரமே மருத்துவருக்கு முதன்மையானது. இன்று கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக் காட்டினால் இன்னும் நன்று.

மயக்க மருந்தின் ஆழத்தை அறியவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைவின்றிக் கிடப்பவரின் மூளைக்குள் மறைவாக வலிப்பு ஓடுகின்றதா என்று பார்க்கவும் இதைப் பயன்படுத்துகின்றனர். மூளைச் சாவைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நம் நாட்டில் அதை முடிவு செய்ய இ.இ.ஜி. கட்டாயமன்று. மூளைத்தண்டின் செயல்களை மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை நேரடியாகச் சோதித்தே அறிவிக்கின்றது.

என்னை மிகவும் நெகிழச் செய்தது 1999-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரிலிருந்து வந்த செய்தி. நரம்புச் சிதைவு நோயால் உடல் முழுவதும் செயலற்றுப்போன இருவர், பயிற்சியின் மூலம் தம் மூளை அலைகளைத் தாமே கூட்டிக் குறைத்து, கணினித் திரையில் எழுத்தெழுத்தாகத் தேர்ந்து செய்தி எழுதினார்கள். ஒரு நிமிடத்துக்கு ஓரிரண்டு எழுத்துகளே கிட்டின. ஆனாலும் பேச்சற்றுக் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வாசல்!

வேறு சிலர் இதைக் குற்றவாளியின் உள்ளத்தைத் தோண்டும் கருவியாக்கப் பார்த்தனர். 2008-இல் புனே நகர நீதிமன்றம் ஒன்று, ஒரு கொலை வழக்கில் மூளை அலைச் சோதனையின் முடிவையும் சான்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. அறிவியலார் பலர் இதை எதிர்த்தனர். சாலையில் நின்று கேட்பவர், உள்ளே இருப்பவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டதாகச் சாட்சி சொல்வதைப் போன்றதன்றோ இது? 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், ஒருவருடைய சம்மதமின்றி இத்தகைய சோதனைகளை நடத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையின் ஞாபகசக்தியைப் பெருக்குவதாகக் கூறி நெற்றிப்பட்டை விற்பவர்களிடமும் பெற்றோர் விழிப்பாயிருப்பது நல்லது. நெற்றியைச் சுருக்கினாலே தசையின் மின்னசைவு மூளையின் அலையை மூழ்கடித்துவிடும்.

பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோர், முதல் நாள் தலையை நன்றாகக் கழுவிவிட்டு எண்ணெய் தடவாமல் வரவேண்டும். பட்டினி தேவையில்லை. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்னாலன்றி நிறுத்தக்கூடாது. இரவு குறைவாகத் தூங்க வைக்கச் சொன்னால் அப்படியே செய்க. தூக்கக் கலக்கத்தில்தான் மறைந்திருப்பது வெளிவரும்.

அந்தச் சிறுமியோடு நானும் சென்றிருந்தேன். மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். இரண்டாம் நிமிடத்தில் எனக்குப் பழக்கமான அந்த வெறித்த பார்வை வந்தது. அதே கணத்தில் திரையிலுள்ள அத்தனை கோடுகளும் ஒன்றாய்த் துள்ளி எழுந்தன. ஒன்பது விநாடிகள். தாய் என் கையைப் பற்றிக்கொண்டார். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அந்தப் பார்வை வருவது நின்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஒருநாள் அவளிடம், அன்று உன்னை நிற்க வைத்தேனே என்று தயங்கியபடி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது நினைவேயில்லை. தலையில் ஒட்டிய பசையை அம்மா இரண்டு முறை சீயக்காய் போட்டுத் தேய்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.