கல்லூரிக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு 25 லட்சம் வேண்டும், 40 லட்சம் வேண்டும் என்று சொல்லும் கணக்குகள் பெருநகரத்து மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கும் இடத்தின் கட்டணத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் விலைவாசியை ஏற்றினால் அந்தத் தொகைதான் வரும். கரும்பும் மல்லாட்டையும் விளையும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு இரண்டு விதத்தில் கேடு செய்கிறது. எட்டாத தொகை என்று சிலர் சேமிக்கவே தொடங்குவதில்லை. எப்படியாவது எட்டியாக வேண்டும் என்று சிலர் நிலத்தை விற்றுவிடுகிறார்கள். அரசும் உதவித்தொகையும் ஏற்காமல் விட்டுவிடும் செலவுதான் நாம் சேர்க்க வேண்டிய தொகை என்பது என் வாதம். அது பலரும் அஞ்சும் அளவுக்குப் பெரியதல்ல.

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உண்டு. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டமும் 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கின்றன. இவ்வளவும் கிடைத்த பிறகும், 7.5 சதவீதத்தில் இடம் பெறாத பெரும்பாலோருக்குச் சாப்பாடு, தங்குமிடம், பஸ், புத்தகம், லேப்டாப் என்று பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்த வைப்பதும் பல வீடுகளில் இந்தச் சில்லறைச் செலவுதான்.

உதவிகள் போகக் கையிலிருந்து மாதம் 6,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து மாதம், நான்கு ஆண்டு என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று பிறந்த குழந்தை 18 வயதில் கல்லூரிக்குப் போகும்போது இதுவே ஏறத்தாழ 7 லட்சமாகியிருக்கும். 8 சதவீத வட்டி கிடைத்தால் மாதம் 1,500 ரூபாய் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்துவிடலாம். இன்று பத்து வயதான பிள்ளைக்கு இப்போதுதான் தொடங்குகிறோம் என்றால் அதே தேவைக்கு மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய் வேண்டும். பெண் குழந்தைக்கு 2015-ல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2024 ஜனவரியில் 8.2 சதவீத வட்டிக்கு வந்தது. ஆனால் பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்கியாக வேண்டும். 18 வயதில் படிப்புக்காகப் பாதித் தொகையைத்தான் எடுக்க முடியும். முழுத் தொகை கணக்குத் தொடங்கி 21 ஆண்டு கழித்தே வரும். ஆகவே எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடாமல் ஒரு பகுதியைப் பொது வருங்கால வைப்பு நிதியிலும் போடுவது நல்லது.

எங்களுக்கு ஏது மாத வருமானம் என்று விவசாயிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கரும்புப் பணம் ஆலையிலிருந்து வரும்போதுதான் வரும். செல்வமகள் கணக்கில் மாதாமாதம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். பணம் கைக்கு வரும் மாதத்தில் மொத்தமாகப் போடலாம். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படி ஒரு விளைச்சல் போனாலும் தாங்கும் அளவுக்குச் சில மாதச் செலவுப் பணம் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் முதல் இடி பிள்ளையின் சேமிப்பின் மேல்தான் விழும்.

நல்ல தனியார் கல்லூரியில் சேர்த்தால்தான் வேலை கிடைக்கும் என்பார்கள் சிலர். சில பாடங்களில், சில கல்லூரிகளில் அது உண்மை. கலந்தாய்வில் அப்படி ஓர் இடம் கிடைத்துப் பணம் குறைந்தால், அந்த இடைவெளிக்குக் கல்விக்கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்லூரிகளுக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் உண்டு. கடன் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 22 வயதுப் பிள்ளைக்கு அதை அடைக்க நாற்பது ஆண்டு உழைப்பு முன்னால் இருக்கிறது. 60 வயது அப்பாவின் மருந்துச் செலவுக்கும் அம்மாவின் முதுமைக்கும் எந்த வங்கியும் இப்படிக் கடன் கொடுப்பதில்லை. அதனால் உங்கள் முதுமைக்கு உள்ள நிலத்தையும் சேமிப்பையும் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் அது 72 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பெண்களின் நிலை அதைவிடவும் கீழே. மகளுக்கென்று சேர்க்கும் பணம் கல்யாணத்துக்கு என்றும், மகனுக்குச் சேர்ப்பது படிப்புக்கு என்றும் பிரித்துவைக்கும் வழக்கத்தை இனியாவது விடுங்கள். மகள் பெயரில் இன்னும் கணக்கு இல்லையென்றால், இந்த வாரமே உங்கள் ஊர் அஞ்சலகத்துக்குப் போய் 250 ரூபாயில் தொடங்குங்கள்.

(தொடரும்)