வெப்பமும் விடுமுறையும்: கேளிக்கைப் பூங்காக்களில் குழந்தைகளைப் பேணும் முறை

கோடை விடுமுறை தொடங்கியதும் குடும்பங்கள் வெளியூர்ப் பயணங்களுக்கு ஆயத்தமாகின்றன. முன்னாளில் இப்பயணங்கள் பெரும்பாலும் உறவினர் இல்லங்களுக்கும் திருத்தலங்களுக்கும் உரியனவாக இருந்தன. 1984 ஆம் ஆண்டில் டில்லியில் அப்பு கர் திறக்கப்பட்டது. அது 2008 இல் மூடப்பட்டுவிட்டதெனினும், அதன்பின் நாட்டின் பல பகுதிகளில் கேளிக்கைப் பூங்காக்கள் தோன்றின. 1991 இல் கொல்கத்தாவின் உப்பு ஏரிப் பகுதியில் நிக்கோ பூங்காவும், 1996 இல் ஹைதராபாத்துக்கு அருகில் ராமோஜி திரைப்பட நகரமும் அமைந்தன. இன்று இத்தகைய இடங்களே குழந்தைகளின் முதல் விருப்பம். பள்ளிகளும் தம் சுற்றுலாக்களை இங்கு அமைத்துக்கொள்கின்றன.

கடும் வெயில் நாளில் இப்பூங்காக்களில் குழந்தைக்கு நேரும் இடர், இராட்டினத்திலிருந்து நேர்வதைக் காட்டிலும் வெப்பத்திலிருந்து நேர்வதற்கே வாய்ப்பு மிகுதி. விளையாட்டில் மூழ்கிய குழந்தை தாகத்தை உணர்வதில்லை. வரிசையில் இடம் போய்விடும் என்று அஞ்சிப் பெற்றோரும் நிழலுக்கு ஒதுங்குவதில்லை. நுழைவுக் கட்டணம் வீணாகக் கூடாது என்னும் எண்ணம் களைப்பை மறைக்கிறது. புறப்படுமுன் பெற்றோர் கேட்பது “இன்று எத்தனை டிகிரி?” என்னும் ஒரே கேள்வியாகும். அந்த ஓர் எண் போதுமானதன்று என்பதையும், வேறு எவற்றை நோக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்கும்.

உடல் குளிரும் வழி

நம் உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெயிலில் இருக்கும் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடலின் வெப்பம் தானாகவே காற்றுக்குச் செல்லும். காற்றின் வெப்பநிலை 35 டிகிரியைக் கடந்தால் இப்போக்கு திரும்பிவிடுகிறது. அப்போது காற்றே உடலைச் சூடாக்குகிறது. அந்நிலையில் உடலுக்கு எஞ்சும் காப்பு வியர்வை ஒன்றே.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகுமாயின், ஏறத்தாழ ஆறு லிட்டர் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்தப் போதுமான வெப்பம் உடலைவிட்டு நீங்கும். ஆயின் இங்கு ஒரு நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். துளித்துளியாகச் சொட்டிக் கீழே விழும் வியர்வையும், கைக்குட்டையால் துடைத்தெடுக்கப்படும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. அவை நீரிழப்பை மட்டுமே உண்டாக்குகின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருந்தால் ஆவியாதல் தடைப்படும் என்பதை ஈரத்துணி காயும் வேகத்திலிருந்தே நாம் அறிவோம்.

இரண்டு நகரங்கள், இரண்டு கோடைகள்

ஹைதராபாத் தக்காண மேட்டுநிலத்தில் உள்ளது. மே மாதப் பிற்பகலில் அங்கு வெப்பநிலை 40 டிகிரியாகவும் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 20 ஆகவும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அதே மாதத்தில் கொல்கத்தாவில் வெப்பநிலை 35 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 65 உம் உள்ள ஒரு நாளையும் எடுத்துக்கொள்வோம். வெப்பமானியை மட்டும் நோக்குபவர், கொல்கத்தா 5 டிகிரி குளிர்ந்தது என்று முடிவு செய்வார்.

வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால், நீர் ஆவியாவதால் அது குளிர்ந்து குறைந்த வெப்பநிலையைக் காட்டும். இதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை படிந்த தோல் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதற்கு இது நல்ல அறிகுறி. மேற்கூறிய ஹைதராபாத் நாளில் ஈரக்குமிழ் சுமார் 23 டிகிரியைக் காட்டும். கொல்கத்தா நாளில் சுமார் 29 டிகிரியைக் காட்டும். குளிர்ந்ததாகத் தோன்றிய நகரிலேயே உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது கடினம் என்பது இதனால் விளங்கும். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நிழலில் ஓய்ந்திருக்கும் நலமுள்ள மனிதரும் நெடுநேரம் தாங்க இயலாது என்பது கோட்பாட்டு எல்லை. நடைமுறையில் தாங்கும் எல்லை இதற்குச் சில டிகிரிகள் கீழேயே உள்ளது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. வெயிலில் ஓடியாடும் குழந்தைக்கு அவ்வெல்லை மேலும் தாழ்ந்தது எனக் கொள்வதே முறை.

இவ்விரு கோடைகளுக்கும் உரிய காப்புகள் வேறுவேறானவை. வறண்ட வெப்பத்தில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால், தோல் உலர்ந்தே காணப்படும். “குழந்தைக்கு வியர்க்கவேயில்லை” என்று பெற்றோர் எண்ணும் வேளையில் உடல் பெருமளவு நீரை இழந்துகொண்டிருக்கும். ஆகவே, அங்கு நீர் அருந்துதலும், தலையையும் கழுத்தையும் ஈரத்துணியால் நனைத்தலும் மிகுந்த பயன் தரும். உலர்ந்த உடலின்மீது 40 டிகிரிக் காற்றை விசிறியால் வீசினால் வெப்பமே கூடும். நனைத்த உடலின்மீது வீசினால் குளிர்ச்சி உண்டாகும். ஈர வெப்பத்திலோ ஆடை நனைந்து ஒட்டிக்கொள்ளும். நீர் அருந்தினாலும் உடல் எளிதில் குளிராது. அங்கு முதன்மையான காப்பு ஓய்வாகும். நிழலில் காற்றோட்டமுள்ள இடத்திலோ குளிரூட்டப்பட்ட அறையிலோ அடிக்கடி அமர்ந்து, உடல் உழைப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இருந்தால், சுற்றுலாவுக்கு முதல் நாள் பிற்பகலில் மாணவரைக் கொண்டே அளவெடுக்கச் செய்யலாம். இல்லையாயின், ஒரே வகையான இரண்டு வெப்பமானிகளுள் ஒன்றன் குமிழில் நனைத்த பருத்தித் திரியைச் சுற்றி, நிழலில் விசிறிக்கொண்டே அளந்தால் போதுமானது.

நாளை வகுக்கும் முறை

இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகார நேரம் வழங்கினும், கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். நம் பொது நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. மே மாதத்தில் கொல்கத்தாவில் உச்சிவேளை சுமார் 11 மணி 33 நிமிடத்துக்கும், ஹைதராபாத்தில் சுமார் 12 மணி 12 நிமிடத்துக்கும் நிகழ்கிறது. கிழக்கே செல்பவர் தம் நாளை அதற்கேற்ப முன்னதாகவே தொடங்க வேண்டும்.

கடிகாரமின்றியும் அறியத்தக்க எளிய வழி ஒன்றுண்டு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்குமாயின், கதிரவன் 45 டிகிரிக்கு மேல் உயர்ந்துள்ளது என்பது பொருள். அவ்வேளையில் தோலுக்கு ஊறு செய்யும் புறஊதாக் கதிர்களும் மிகுந்திருக்கும். மே மாதம் இரண்டாம் வாரத்தையொட்டி ஹைதராபாத்தில் கதிரவன் நேர் உச்சியில் நிற்பதால், நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலளவை ஒரு விளையாட்டாகவே குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம். நிழல் குறுகியதும் கூரையை நாட வேண்டும் என்பதை அவர்களே நினைவூட்டுவர்.

காற்றின் வெப்பநிலையோ உச்சிவேளைக்குப் பின்னும் இரண்டு, மூன்று மணி நேரம் உயர்ந்துகொண்டே செல்லும். ஆகவே, திறந்தவெளி இராட்டினங்களையும் நீண்ட வரிசைகளையும் காலைப் பொழுதிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நண்பகல் முதல் நான்கு மணிவரை கூரையுள்ள காட்சிகள், உணவு, ஓய்வு ஆகியவற்றுக்கு ஒதுக்குதல் நலம். எஞ்சியவற்றை மாலையில் காணலாம். வங்காளத்தில் கோடை மாலைகளில் கால்பைசாகி என்னும் இடிமழைக் காற்று திடீரென்று எழுவதுண்டு. இடியோசை கேட்டவுடன் உயரமான இராட்டினங்களையும் நீர்நிலைகளையும் விட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும்.

1875 இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறை, வெப்ப அலை பற்றிய எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களால் அறிவிக்கிறது. சமவெளியில் உச்ச வெப்பநிலை 40 டிகிரியையேனும் எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ உயருமானால் அது வெப்ப அலை எனப்படும். 45 டிகிரியை எட்டினால் வழக்கமான அளவை நோக்காமலே அவ்வாறு கொள்ளப்படும். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை. கட்டணம் திரும்பக் கிடைக்காவிடினும் அந்த இழப்பு சிறிதே.

குழந்தையின் உடல்

சிறு குவளையிலுள்ள பால் பெரிய பாத்திரத்திலுள்ள பாலைவிட விரைவில் ஆறும். அடுப்பில் வைத்தால் விரைவில் காயவும் செய்யும். எடைக்கு ஏற்பப் பரப்பு மிகுந்திருப்பதே காரணம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு உரிய தோற்பரப்பு, வளர்ந்தவரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். எனவே, தோலைவிடச் சூடான காற்றிலிருந்து அது விரைவாக வெப்பத்தை ஏற்கிறது. அதன் வியர்வைச் சுரப்பும் வளர்ந்தவரினும் குறைவு. அக்குழந்தை 400 மில்லிலிட்டர் நீரை இழந்தாலே உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கை இழந்ததாகும். சோர்வு தொடங்க அது போதும்.

வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. மலைப்பகுதியிலிருந்து சமவெளிக்கு வந்த மறுநாளே குழந்தைகளைப் பூங்காவில் நாள் முழுதும் அலையவிடுதல் தகாது. முதியோர், கருவுற்ற மகளிர், இதயம் அல்லது சிறுநீரக நோயுடையோர், நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்துகொண்டே செல்ல வேண்டும்.

நீரும் உப்பும்

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு நீர் அருந்தச் செய்வது நல்ல பழக்கம். நீர் விளையாட்டில் உடல் நனைந்திருப்பதால் வியர்ப்பது தெரியாது. அங்கும் இவ்விதி பொருந்தும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நீர் போதுமானது. அடர்ந்த நிறமாயினும், பல மணி நேரம் கழியாமலிருந்தாலும் நீர் போதவில்லை எனலாம். வேளாவேளை உணவு உண்பவர்க்கு உப்பு மாத்திரை வேண்டியதில்லை. நெடுநேரம் வியர்த்தவர்க்கு உப்பிட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த எலுமிச்சை நீரும் ஏற்றவை.

ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கைவசம் வைத்திருப்பது நலம். 1971 இல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார். 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். குறைந்த நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்கு விளையும்.

வெளிர்நிறத் தளர்ந்த பருத்தி ஆடை, அகன்ற விளிம்புத் தொப்பி, குடை, காலணி ஆகியன இன்றியமையாதவை. உலோக இருக்கையையும் சறுக்குமரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே குழந்தையை அமர்த்த வேண்டும். நிறுத்தப்பட்ட காரினுள் வெப்பநிலை பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி உயரக்கூடும். ஆதலால், உறங்கும் குழந்தையை அதனுள் ஒரு கணமும் தனியே விடலாகாது.

ஆபத்தின் அறிகுறி

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, தளர்ச்சி ஆகியவை வெப்ப அயர்ச்சியின் அடையாளங்கள். உடனே நிழலில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, உடலை நனைத்து, சிறிது சிறிதாக நீர் புகட்டினால் பெரும்பாலும் தெளிவு உண்டாகும். அன்றைய விளையாட்டை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பேச்சுக் குழறுதல், பொருத்தமற்ற விடை கூறுதல், தள்ளாடுதல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியன தோன்றினால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்திருக்கக்கூடும். அதுவரை ஆரவாரித்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால், அதைக் களைப்பென்று கருதி உறங்கவிடலாகாது. பெயரையும் ஊரையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தோல் வியர்வையால் நனைந்திருந்தாலும் வெப்பத்தாக்கு நேரலாம்.

இங்கு மறக்கலாகாத விதி ஒன்று: முதலில் குளிர்வித்தல், பின்னர் கொண்டுசெல்லுதல். ஒருவர் 108 அல்லது 112 என்னும் எண்ணுக்கு அழைக்க, மற்றவர்கள் அதே வேளையில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். கிடைக்கும் குளிர்ந்த நீரையெல்லாம் உடல் முழுவதும் இடைவிடாது ஊற்றி, விசிறியால் வீச வேண்டும். பெரிய தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை நீரில் அமிழ்த்துவது இன்னும் சிறந்தது. பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர்க்கு வாய்வழியே எதையும் புகட்டலாகாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. வண்டிக்காகக் கைகட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் கேடு விளைவிக்கும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் சுற்றுலாவுக்கு முந்திய பெற்றோர் கூட்டத்தில் இவற்றை எடுத்துரைத்தல் வேண்டும். பத்து மாணவர்க்கு ஒரு பொறுப்பாளர், பூங்காவின் முதலுதவி அறை அமைந்த இடம், குடிநீர்க் குழாய்கள், அனைவரும் கூடும் நிழலிடம் ஆகியவற்றை முன்னரே குறித்துக்கொண்டால் பாதிக் கவலை நீங்கும். வெப்பமானியின் எண்ணோடு காற்றின் ஈரத்தையும், நிழலின் நீளத்தையும், குழந்தையின் முகத்தையும் சேர்த்து நோக்கப் பழகிய பெற்றோருக்குக் கோடை விடுமுறையைக் கைவிட வேண்டிய தேவை இராது.