பூட்டிய வீடு: வெளியூர் செல்லும் வணிகர் கவனத்திற்கு



கார்த்திகை பிறந்தால் மாலை அணிந்து சபரிமலை. மார்கழியில் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. தை பிறந்தால் பொங்கலுக்கு உறவினர் ஊர். ஆண்டு முழுவதும் கல்லாவை விட்டு நகராத நாம் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். சாமல்பட்டி போன்ற ஊர்களில் நம்மில் பலருக்கு முன்னால் கடை, பின்னால் வீடு. கடை மூடியிருந்தால் வீட்டிலும் ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் மலைக்குச் சென்றபோது, "குடும்பத்துடன் வெளியூர் செல்வதால் நான்கு நாட்கள் கடை விடுமுறை" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். வாடிக்கையாளர் வீணாக அலையக் கூடாது என்ற எண்ணம்தான். திரும்பி வந்தபோது பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. பீரோவிலிருந்த பணப்பை போயிருந்தது. அதே பையில்தான் கடன் நோட்டும் இருந்தது. போன பணம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடிந்தது. யார் எவ்வளவு பாக்கி என்று சொல்ல முடியவில்லை. நாணயமானவர்கள் தாமாக வந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் கேட்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அன்று முதல் நான் கடைப்பிடித்து வருவதை இங்கே எழுதுகிறேன்.

1. அட்டையில் "கடை விடுமுறை" என்பதும் கைபேசி எண்ணும் போதும். "குடும்பத்துடன்", "வெளியூர்", "நான்கு நாட்கள்" என்ற சொற்கள் வேண்டாம். போகும் வழியில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் போடுவதும் அதே அட்டையைத் தொங்கவிடுவது போலத்தான். திரும்பி வந்த பிறகு போடலாம்.

2. போகிவரை வெல்லம், பச்சரிசி, கரும்பு என்று வியாபாரம் சூடாக நடக்கும். மறுநாள் முதல் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என மூன்று நாட்கள் வங்கி விடுமுறை. கையில் பணம் அதிகம் சேரும் நேரத்தில்தான் வங்கி மூடிக்கிடக்கிறது! ஆகவே மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியதை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். மீதியைப் பணம் செலுத்தும் இயந்திரத்தில் போட்டுவிடலாம். அது விடுமுறை நாளிலும் வாங்கிக்கொள்ளும்.

3. கடன் நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். நோட்டைப் பணத்தோடு வைக்காதீர்கள்.

4. மார்கழியில் எல்லா வாசலிலும் கோலம் இருக்கும்போது ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தால் அதுவே அடையாளம். பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி ஒரு சிறு கோலம் போடச் சொல்லுங்கள். பாலையும் நாளிதழையும் நிறுத்திவிடுங்கள். பகலிலும் எரியும் வாசல் விளக்கு ஆள் இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

5. கிளம்பும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். சாமி விளக்கை மலையேற்றுங்கள். திரும்பி வந்ததும் எரிவாயு வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

6. காவல் நிலையத்தில் போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ரோந்து வரும் காவலர் ஒரு பார்வை பார்த்துச் செல்ல அது உதவும்.

இத்தனைக்கும் பிறகு பூட்டு உடைந்திருப்பதைக் கண்டால் உள்ளே போகாதீர்கள், கைரேகை அழிந்துவிடும். 112-ஐ அழையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, திருடும் நோக்கத்தோடு இரவில் வீடு உடைத்துப் புகுந்தால் 14 ஆண்டுகள் வரை சிறை உண்டு. கடைக்குத் தீக்காப்பு எடுத்திருப்பதால் வீட்டுத் திருட்டுக்கும் பணம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பாலிசியில் திருட்டு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்துக் கடைக்காரர் தொழிலில் நமக்குப் போட்டியாக இருக்கலாம். ஆனால் நாம் ஊரில் இல்லாத இரவில் நம் வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து பார்ப்பவர் அவர்தான். கிளம்பும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவர் கிளம்பும் நாளில் அவர் வாசலை நாம் பார்த்துக்கொள்வோம்.