இனம் மாறிய இணை

கையில் வந்து உட்காரும் ஏடிஸ் கொசுவின் முதுகை அடிப்பதற்கு முன் ஒரு நொடி பாருங்கள். யாழைப் போல வளைந்த வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது எஜிப்தி. நடுவில் நேராக ஒரே வெள்ளைக் கோடு ஓடினால் அல்போபிக்டஸ், அதாவது புலிக் கொசு. டெங்கு பரப்பும் இந்த இரண்டுக்கும் இடையே அமெரிக்காவில் நடந்த சண்டை விசித்திரமானது.

1985-இல் டெக்ஸாஸின் ஹூஸ்டனில் புலிக் கொசு பெருகியிருப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களுக்குள் முட்டையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மறு ஆண்டே ஃப்ளோரிடாவில் நுழைந்தது. பத்தாண்டுக்குள் அங்கே பல ஊர்களில் எஜிப்தியைக் காணோம். லார்வாக்கள் ஒரே தண்ணீரில் இரைக்குப் போட்டியிட்டதில் புலிக் கொசு வென்றது உண்மைதான். ஆனால் இவ்வளவு வேகத்துக்கு அது மட்டும் போதுமா?

இன்னொரு காரணம் கலவியில் இருந்தது. ரத்தம் தேடி நம் கால்களைச் சுற்றும் பெண் கொசுவை, அங்கேயே வட்டமிடும் ஆண் பறக்கும்போதே பிடித்துக்கொள்கிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். விந்தோடு சேர்ந்து போகும் புரதங்கள், இனி வேறு ஆணை ஏற்க வேண்டாம் என்று பெண்ணின் உடலை மாற்றிவிடுகின்றன. அவசரத்தில் எஜிப்திப் பெண்ணைப் பிடிப்பது புலிக் கொசு ஆணாக இருந்தாலும் இந்தப் புரதங்கள் வேலை செய்துவிடும். கலப்பினக் குஞ்சு பிறக்காது. சொந்த இனத்து ஆணையும் அவள் ஏற்கமாட்டாள். முட்டைகள் பொரியாமலே போகும். இதில் அநியாயம் என்னவென்றால், எஜிப்தி ஆணிடம் சிக்கும் புலிக் கொசுப் பெண்ணுக்கு இந்தப் பூட்டு விழுவதில்லை. அவள் தன் இனத்து ஆணோடு சேர்ந்து முட்டையிடலாம். நஷ்டம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே. கிரேக்கப் புராணத்தின் காமவெறி கொண்ட வனவாசிகளான சாட்டிர்களின் பெயரால் ஆய்வாளர்கள் இதை அழைக்கிறார்கள்.

எஜிப்தி முற்றிலும் அழியவில்லை. ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்தின் பார்கியலோவ்ஸ்கியும் லூனிபோஸும் கூண்டுகளில் சோதித்தார்கள். புலிக் கொசுவோடு வாழ்ந்து பழகிய ஊர்களின் எஜிப்திப் பெண்கள் அந்நிய ஆணுக்கு எளிதில் மசியவில்லை. புலிக் கொசுவையே பார்த்திராத ஊர்ப் பெண்கள் ஏமாந்தார்கள். அவர்களையும் புலிக் கொசு ஆண்களோடு அடைத்து, தப்பியவர்களின் சந்ததியை மட்டும் வளர்த்தபோது, சில தலைமுறைகளிலேயே எதிர்ப்பு வந்துவிட்டது. என்னை மிகவும் வியக்கவைத்தது இந்த வேகம்தான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. இப்படி உஷாரான பெண்கள் சொந்த இனத்து ஆண் வந்தாலும் சட்டென்று இணங்குவதில்லை.